பகல் வெயில் ராத்திரி பில்லாக மாறுவது எப்படி? பாலக்காட்டு எல்லை வீடுகளுக்கான கணக்கு

2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் ஒரு திட்டத்தைச் சொன்னார். இனி வரும் ஏ.சி.க்களை 20 டிகிரிக்குக் கீழே இறக்கவும் 28 டிகிரிக்கு மேலே ஏற்றவும் முடியாதபடி செய்யப்போகிறார்கள் என்பது அது. அதிலிருந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் கரண்ட் பில் பற்றிப் பேச்செடுத்தாலே "24-ல வைக்கணுமா, 26-ல வைக்கணுமா?" என்ற கேள்விதான் வருகிறது. கேள்வி சரியானதுதான். ஆனால் பில்லைத் தீர்மானிக்கிற இரண்டு பெரிய விஷயங்கள் ரிமோட்டுக்கு வெளியே இருக்கின்றன. ஒன்று தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம். இன்னொன்று கேரள மின்வாரியக் கட்டணத்தில் உள்ள 250 யூனிட் என்ற வரம்பு. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் பணம் போகிறது. அடிப்படையிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள்

1. யூனிட்: ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். அது 13 மணி நேரம் சுற்றினால் ஏறக்குறைய ஒரு யூனிட்.

2. டன்: இது ஏ.சி.யின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட். ஆக, ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சில் ஓடினால் 5.2 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளும். அதற்காக அது இழுக்கும் கரண்ட் இதைவிடப் பல மடங்கு குறைவு. காரணம், ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்.

3. ஸ்டார்: ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதை ஒரு பருவம் முழுவதற்கும் சராசரியாகக் கணக்கிட்டுத் தரும் மதிப்பெண். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2022 ஜூலையில் கொண்டுவந்த அளவுகோலில், அந்த எண் 5-ஐத் தொட்டால் ஐந்து ஸ்டார், 3.80 முதல் 4.39 வரை மூன்று ஸ்டார் என்று இருந்தது. அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். அதனால் பழைய ஐந்து ஸ்டாரும் புதிய ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. அட்டையில் ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெயில் நண்பகலில், சூடு ராத்திரியில்

இந்த ஊர்கள் இருக்கும் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா, பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. மலைத்தொடர் விட்டுக்கொடுத்த இடைவெளி என்பதால் கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் வெக்கை இங்கே தடையில்லாமல் வந்து சேரும். 2024 ஏப்ரலில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை அறிவித்தது. அடுத்த சில நாட்களில், மே தொடக்கத்தில், ராத்திரி நேரத் தேவையைத் தாங்க முடியாமல் மின்வாரியம் பாலக்காட்டுப் பகுதியில் இரவுக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. வெயில் அடிப்பது பகலில். கரண்ட் தேவை உச்சத்துக்குப் போனது ராத்திரியில். ஏன்?

சித்திரை பிறந்து சில நாட்களில் இந்த ஊர்களில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்துவிடும். வாசலில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அந்த நாட்களில் சுவரைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஆயிரம் வாட் வெயில் விழுகிறது. பத்துக்குப் பத்து அடி அறையின் மேல் மட்டும் ஒன்பது கிலோவாட்டுக்கு மேல். ஒன்றரை டன் ஏ.சி.யின் முழுத் திறன் 5.2 கிலோவாட் என்று மேலே பார்த்தோம். விழுவதெல்லாம் உள்ளே வருவதில்லை என்பது உண்மை. ஆனால் பாசி படிந்து கறுத்த பழைய கான்கிரீட், விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும்.

உறிஞ்சியதை அப்போதே கீழே விடாது என்பதுதான் இதில் முக்கியம். நாலைந்து அங்குலத் தளமும் அதன் மேல் போட்ட பூச்சும் சேர்ந்து ஒரு பெரிய தோசைக்கல் மாதிரி. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாகவே இருக்கும் இல்லையா, அதே கதைதான். மேற்பரப்பில் நண்பகலில் ஏறிய சூடு அடிப்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அப்புறம் ராத்திரி வெகுநேரம் வரை அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை மேல்தளத்தில் வையுங்கள். அப்புறம் கிழக்குச் சுவரில் வையுங்கள். சுவர் சாதாரணமாக இருக்கும். தளம் இஸ்திரி போட்டு முடித்த துணி மாதிரி இருக்கும். ஃபேன் சுற்றும்போது அனலாக இறங்குவது இந்தத் தளத்தை ஒட்டி நிற்கும் காற்றுதான். படுக்கப் போகும் நேரத்தில் ஏ.சி.யைப் போட்டால், அது அன்றைய நண்பகல் வெயிலோடு சண்டை போட ஆரம்பிக்கிறது.

250 என்ற வரம்பு

இனி கட்டணம். கேரளத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். மாதச் சராசரி 250 யூனிட்டுக்குள், அதாவது இரண்டு மாதத்துக்கு 500-க்குள் இருந்தால் 'டெலஸ்கோப்பிக்' முறை. படிப்படியாக விலை ஏறும். கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் கீழ்ப்படி விலையே நிற்கும். 2025-26 கட்டணத்தில் முதல் 50 யூனிட்டுக்கு 3.35 ரூபாய், அடுத்தடுத்த 50-களுக்கு 4.25, 5.35, 7.20, 8.50 ரூபாய்.

250-ஐத் தாண்டினால் முறையே மாறிவிடுகிறது. அதன் பெயர் 'நான்-டெலஸ்கோப்பிக்'. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் ஒரே விலை. 300 வரை போனால் மொத்தத்துக்கும் 6.75; 350 வரை 7.60, 400 வரை 7.95, 500 வரை 8.25, அதற்கு மேல் 9.20. மாதக் கணக்கில் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

1. 250 யூனிட்: 1,432 ரூபாய் 50 காசு.
2. 251 யூனிட்: சுமார் 1,694 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 260 ரூபாய்க்கு மேல்.
3. 300 யூனிட்: 2,025 ரூபாய்.
4. 301 யூனிட்: சுமார் 2,288 ரூபாய். மறுபடியும் அதே தாவல்.

இது எரிசக்திக் கட்டணம் மட்டும். நிலையான கட்டணம், வரி, கூடுதல் கட்டணம் எல்லாம் தனி. நிலையான கட்டணமும் படிக்குப் படி ஏறும்.

இதோடு நேரவாரிக் கட்டணமும் வந்திருக்கிறது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகிற, அதற்கேற்ற மீட்டர் உள்ள வீடுகளுக்கு மாலை 6 முதல் ராத்திரி 10 வரை 25 சதவீதம் கூடுதல். காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. தளத்தின் சூடு உள்ளே இறங்குவதும் விலை ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். வரம்பைத் தாண்டிய வீட்டில் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் அங்கேயும் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரை கிடைத்துவந்த சலுகை விலை போய்விடும். இரண்டு மாநிலத்திலும் வீட்டுக்காரர் கண் வைக்க வேண்டிய எண் தற்செயலாக ஒன்றேதான். இரண்டு மாதத்துக்கு 500. எல்லை தாண்டினால் தண்டனையின் அளவு மட்டும் மாறும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வரம்பு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து என்பதால் ரீடிங் எப்போது எடுக்கிறார்கள் என்பது முக்கியம். பிப்ரவரியும் மார்ச்சும் ஒரு பில்லில் வந்தால், பிப்ரவரியின் குறைவு மார்ச்சின் அதிகத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் விழும் வீட்டுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. உங்கள் சுழற்சி எது என்று பழைய பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கூரைக்கு என்ன செய்யலாம்

என் கணிப்பில், செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. வாங்கி, பில் வந்து, திகைத்த பிறகுதான் மொட்டை மாடியைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

1. சுண்ணாம்பு அடிப்பது. மிக மலிவான வழி. புதுச் சுண்ணாம்புப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியை அப்படியே வானத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, வடிகட்டி, பிடிப்புக்குப் பசை கலந்து இரண்டு கை அடிக்க வேண்டும். அதற்கு முன் தளத்தைத் தேய்த்துக் கழுவிப் பாசியை எடுப்பது அவசியம். பாசி மேல் அடித்தால் ஒரு மாதத்தில் செதில் செதிலாக உரியும். இதன் குறை, கேரளத்து மழை. வைகாசிப் பாதியில் தொடங்கும் மழை பாதியைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆண்டுதோறும் மாசிக் கடைசியில் அடித்துவிட வேண்டும். பங்குனி பாதியில் அடித்தால் பாதிக் கோடை ஏற்கெனவே போயிருக்கும்.

2. வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட். விலை கூடுதல், சில ஆண்டு தாங்கும். தூசு படிந்து மங்கினால் பலன் குறையும் என்பதால் கோடைக்கு முன் ஒரு முறை கழுவி விட வேண்டும். தளத்தில் விரிசல் இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் பெயின்ட்.

3. வெள்ளை ஓட்டுச் சில்லு பதிப்பது. தட்டை ஓடு பதித்த பழைய மாடிகளின் வாரிசு இது. செலவு ஒரு முறைதான், மழைக்கும் போகாது. புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

4. மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் (டிரஸ்) அடித்து ஷீட் போடுவது. பாலக்காட்டுப் பக்கம் இப்போது பாதி வீடுகளில் பார்க்கலாம். மழைக்கும் துணி காயப்போடவும் என்று போடுகிறார்கள், ஆனால் வெயிலுக்கும் இது நல்ல குடை. ஒரே ஒரு நிபந்தனை: நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பக்கங்களை அடைத்து அறையாக்கிவிட்டால் ஷீட்டின் சூடு உள்ளே தேங்கி மறுபடி தளத்தில்தான் இறங்கும். போடுவதற்கு முன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அனுமதி, வரி விவரத்தைக் கேட்டுக்கொள்ளவும்.

சோலார் தகடு போட நினைப்பவர்களுக்கு அது ஒரு கூடுதல் நிழல். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் சோலார் தருவது பகல் கரண்ட், நம் தேவை ராத்திரியில். பகலில் வாரியத்துக்குக் கொடுக்கும் கரண்டை ராத்திரி எடுக்கும் கரண்டோடு எப்படிக் கழிக்கிறார்கள் என்ற விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். ஓடு மெலிது. பகலில் சூடாகும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். இடுக்கு வழியே சூடான காற்றும் வெளியேறும். அதே இடுக்கு ஏ.சி.க்கு எதிரி. ஓட்டு அறையில் ஏ.சி. வைப்பதென்றால் முதலில் சீலிங் அடிக்க வேண்டும்.

ஜன்னல், ஃபேன், கூலர்

பகலில் ஜன்னலைச் சாத்தி, வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு திறப்பதுதான் முறை. பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள். கொசுவுக்காக ஆறு மணிக்குச் சாத்திவிட்டால் பகலில் தேங்கிய சூடு வெளியேற வழியே இல்லை. கொசுவலைச் சட்டம் அடிக்கும் செலவை நான் குளிர்ச்சிக்கான செலவாகவே பார்க்கிறேன்.

மேற்கு ஜன்னலுக்குத் திரை உள்ளே போடுவதில் பலன் குறைவு. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான். வெளியே தென்னங்கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டினால் வெயில் வாசலிலேயே நின்றுவிடும். இந்தத் தாலுகாவில் கீற்றுக்கா பஞ்சம்?

ஃபேன் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் எண்ணிக்கை அதைப் பெரிதாக்கும். 75 வாட் ஃபேனுக்குப் பதில் சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் போட்டால், நாளைக்கு 12 மணி நேரக் கணக்கில் மாதம் 16 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு ஏறக்குறைய 49 யூனிட், அதாவது ஏறக்குறைய ஒரு படி. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் அட்டை கட்டாயம் என்பதால் கடையில் ஒப்பிட்டு வாங்கலாம்.

ஏர் கூலர் நீர் ஆவியாவதால் குளிர்விக்கிறது. காற்று வறண்டிருந்தால்தான் நீர் ஆவியாகும். கிழக்குக் காற்று வறண்டு வீசும் நாட்களிலும் மார்ச்சின் முற்பகுதியிலும் இந்தப் பக்கம் கூலர் நன்றாகவே வேலை செய்யும். கோடை மழை தலைகாட்டி, காற்றில் ஈரம் ஏறியதும் அதே கூலர் உடம்பைப் பிசுபிசுக்க வைக்கும். எப்போது போட்டாலும் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஏ.சி. பற்றிச் சில தவறான நம்பிக்கைகள்

1. "18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும்." இல்லை. ஏ.சி. வெப்பத்தை வெளியேற்றும் வேகம் அதன் டன்னைப் பொறுத்தது. 18 என்று வைத்தால் அதே வேகத்தில் நீண்ட நேரம் ஓடும், அவ்வளவுதான்.

2. "24-தான் அரசு சொன்ன சரியான அளவு." 2020 ஜனவரி முதல் ஸ்டார் அட்டையுள்ள ஏ.சி.க்கள் போட்டவுடன் 24-ல் தொடங்க வேண்டும் என்பது விதி. அது தொடக்க எண். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். அதனால் ஃபேனோடு 26 அல்லது 27 பெரும்பாலோருக்குப் போதும்.

3. "இன்வெர்ட்டர் ஏ.சி. என்றாலே மிச்சம்." இன்வெர்ட்டர் ஏ.சி.யின் சிறப்பு, அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. கதவடி இடுக்கில் காற்று போய்க்கொண்டும், மேலே தளம் காய்ந்துகொண்டும் இருந்தால் அது வேகத்தைக் குறைக்கும் நிலையே வராது.

வெளி யூனிட்டை மேற்கு வெயில் நேராகப் படும் இடத்திலோ, காற்று வெளியேற வழியில்லாத மூலையிலோ வைத்தால் கரண்ட் கூடும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவுங்கள். ஐந்து நிமிட வேலை.

மிச்சம் பிடிக்கும் இந்தப் பேச்சில் ஒரு விலக்கு உண்டு. வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் இருக்கும் வீட்டில் வெப்ப அலை நாட்களில் பில்லைப் பார்க்கக் கூடாது. அறை கடுமையாகச் சூடேறிவிட்டால் ஃபேன் சூடான காற்றைத்தான் உடம்பில் அடிக்கும், அது காப்பாற்றாது.

மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா?

அட்டையில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கு உரியது. மூன்று ஸ்டாரில் 1,000, ஐந்து ஸ்டாரில் 750 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 250 யூனிட். ஆனால் இங்கே ஒரு வீட்டில் ஏ.சி. ஆண்டுக்கு நூறு ராத்திரி, எட்டு மணி நேரம் ஓடினால் 800 மணிதான். வித்தியாசம் 125 யூனிட், ஏழு ரூபாய் மேனி 875 ரூபாய். விலையில் பத்தாயிரம் வித்தியாசம் இருந்தால் அதை மீட்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆண்டு முழுக்க ஓடும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் சரி. மூன்று மாதம் மட்டும் போடுபவர் மூன்று ஸ்டார் வாங்கி, மிச்சப் பணத்தை மாடிக்குச் செலவழித்தால் லாபம் கூடுதல். அதோடு, கூரை சூடு குறைந்தால் பல அறைகளுக்கு ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன்னே போதும்.

எல்லாம் சேர்த்து ஒரு மாதிரிக் கணக்கு

நாலு பேர் உள்ள டெரஸ் வீடு, ஏப்ரல் மாதம். மூன்று பழைய ஃபேன் 81 யூனிட், ஃபிரிட்ஜ் 35, மற்றவை 44, ஏ.சி. 24-ல், ராத்திரிக்கு 6 யூனிட் மேனி 180. மொத்தம் 340. ஒரே விலை 7.60 என்பதால் 2,584 ரூபாய்.

அதே வீட்டில் ஃபேன்களை மாற்றினால் 81 என்பது 32 ஆகிறது. மாடிக்கு வெள்ளை அடித்து, ஏ.சி.யை 27-ல் வைத்து, ராத்திரிக்கு 4 யூனிட்டாக இறக்கினால் மாதம் 120. மொத்தம் 231. வரம்புக்குள் வந்துவிட்டதால் படிப்படி விலை, 1,271 ரூபாய். யூனிட் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, பணம் குறைந்தது பாதிக்கு மேல். அந்த வேறுபாடு முழுக்க வரம்பின் வேலை.

உங்கள் வீட்டு எண் வேறாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள மீட்டரே போதும். ஒரு வாரம், படுக்கும் முன் ஒரு ரீடிங், எழுந்ததும் ஒரு ரீடிங். காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் குறித்து வையுங்கள். 24-ல் மூன்று ராத்திரி, 27-ல் ஃபேனோடு மூன்று ராத்திரி என்று பார்த்தால் உங்கள் அறையின் குணம் தெரிந்துவிடும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கூரையைத் தொட முடியாது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பி.எல்.டி.சி. ஃபேனைக் கழற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம், தட்டியையும் அப்படியே. சுண்ணாம்புக்கு மட்டும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். மேல் மாடி வீட்டில் ஒரு கோடையில் இந்த வரம்பு கொண்டுபோகும் பணத்தோடு, சுண்ணாம்பு விலையையும் ஒருநாள் கூலியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாசி பிறக்கும் முன்பே போய்க் கேளுங்கள்.